ஆனந்த ரங்கப்பிள்ளை மாளிகை: கீழே மரத்தூண், மேலே வெள்ளைத்தூண். யாருக்குக் காட்டக் கட்டினார்?

திண்ணைவாசி எழுதியது:

புதுச்சேரியைப் பற்றிய எந்தச் சுற்றுலாக் குறிப்பை எடுத்தாலும் இந்த மாளிகைக்கு ஒரே வரிதான். "கீழ்த்தளம் தமிழ்ப்பாணி, மேல்தளம் பிரெஞ்சுப் பாணி, இரு பண்பாடுகளின் சங்கமம்." அத்தோடு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டுத் தமிழ் வணிகர் ஒருவரின் ஊர்வீடு இன்றும் நிற்கிறது. அந்த வீட்டுக்காரர் 25 ஆண்டு எழுதிய நாட்குறிப்பும் நம் கையில் இருக்கிறது. இப்படி வீடும் எழுத்தும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். அதை ஒரு வரியில் முடிப்பதா?

அடிப்படை விவரம்: பிள்ளை 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். வீடு 1730-களில் கட்டியது, வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு 1738. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குத் தலைமைத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமானவர், ஆனது அதற்குப் பிறகு, 1747-ல். அதாவது "டூப்ளேயின் துபாஷ் கட்டிய மாளிகை" என்று எழுதுவதே கணக்கில் இடிக்கிறது. டூப்ளே கவர்னராக வந்ததே 1742-ல்தானே.

அப்படியானால் இது யார் வீடு? பதவியில் இருந்தவரின் வீடா, வியாபாரியின் வீடா? மேல்தளத்துத் தூண்கள் யார் கண்ணுக்காக? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


கடலூர்க்காரன் எழுதியது:

முதலில் ஒரு பொதுநல அறிவிப்பு. ரங்கப்பிள்ளை வீதி வேறு, ஆனந்த ரங்கப்பிள்ளை வீதி வேறு. முதலாவது ஊரைக் கிழக்கு மேற்காக வெட்டிக்கொண்டு போகும் நீள வீதி. வீடு இருப்பது இரண்டாவதில், பெரிய மார்க்கெட்டை ஒட்டி. ஆட்டோக்காரர் முதலாவதில் இறக்கிவிட்டால் அவரைத் திட்டாதீர்கள்.


குறிப்பேடு எழுதியது:

வீட்டைப் பேசுமுன் குடும்பத்தைப் பேசியாக வேண்டும். இவர்கள் புதுச்சேரிக்கு வந்தது நைனியப் பிள்ளையின் பேச்சைக் கேட்டு. நைனியப் பிள்ளை, ஆனந்த ரங்கரின் தந்தை திருவேங்கடம் பிள்ளைக்கு மைத்துனர் முறை. பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் துபாஷாக இருந்தவர். 1716-ல் கவர்னர் எபேர் அவர்மேல் வழக்குப் போட்டு, சவுக்கடியும் சிறையும் கொடுத்து, சொத்தையும் பறித்தார். சிறையிலேயே 1717-ல் இறந்துபோனார். மகன் குருவப் பிள்ளை பாரிஸ் வரைக்கும் போய் நியாயம் கேட்டார். அங்கே மதம் மாறி, செவாலியே பட்டத்தோடு திரும்பிவந்து, அதே பதவியில் அமர்ந்தார். அவரும் சில ஆண்டுகளிலேயே காலமானார்.

திருவேங்கடம் பிள்ளை 1726-ல் போய்விட்டார். ஆனந்த ரங்கருக்கு அப்போது 17 வயது. கவர்னர் லெனுவார் அவரைப் பரங்கிப்பேட்டைக் கிடங்கு வியாபாரத்துக்கு அனுப்பினார். லாலாப்பேட்டை, ஆற்காடு என்று சொந்தக் கடைகளையும் போட்டார். ஐரோப்பியச் சரக்கைக் கொடுத்துத் துணி வாங்குகிற வியாபாரம். அப்புறம் பாக்கு. சொந்தமாகக் கப்பலும் ஓடியது, பெயர் ஆனந்தப்புரவி.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. கம்பெனி நினைத்தால் ஒரே நாளில் தெருவில் நிறுத்திவிடும் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்த ஆள் இவர். பணத்தைக் கப்பலிலும் பாக்கிலும் வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். செங்கல், சுண்ணாம்பு, தேக்கு என்று ஊர் நடுவில் மாடி வைத்துக் கட்டினார் என்றால், "எங்கள் குடும்பம் மறுபடி எழுந்துவிட்டது" என்று சொல்லவே கட்டினார் என்பது என் எண்ணம். பதவி அப்போது கனகராய முதலியிடம் இருந்தது. 1746-ல் அவர் இறந்த பிறகுதான் இவருக்கு வழி பிறந்தது.


சாந்துக்கரண்டி எழுதியது:

அப்பா கொத்தனார், தாத்தா சுண்ணாம்பு மேஸ்திரி. வரலாறு எனக்கு அவ்வளவாக வராது, கட்டடத்தைச் சொல்கிறேன்.

"கீழே தமிழ், மேலே பிரெஞ்சு" என்று பாணியாக மட்டும் பார்க்கிறார்கள். பாரம் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். கீழே முற்றத்தைச் சுற்றி மரத்தூண். தூணின் தலையில் இரண்டு பக்கமும் கை நீட்டிய மாதிரி போதிகை, அதன்மேல் உத்திரம். போதிகை வெறும் அழகுக்கு இல்லை. இரண்டு தூணுக்கு நடுவில் உத்திரம் தொங்கிப்போகாமல், தாங்கும் நீளத்தைக் குறைத்துக் கொடுப்பது அதுதான். நம் தச்சர்கள் கோயில் கல் வேலையையும் இதே புத்தியில்தான் செய்தார்கள்.

மேலே வந்தால் செங்கல் தூண். வெள்ளைக்காரன் ஊரில் அது கல்லாக இருக்கும். புதுச்சேரிக் கரையில் அந்த மாதிரிக் கல் கிடையாது. அதனால் செங்கல்லை வட்டமாக அடுக்கி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி, தேய்த்துத் தேய்த்துக் கல் மாதிரி பளபளப்பாக்கினார்கள். மேல்தளத்துத் தூணை "பிரெஞ்சு" என்று சொல்லுங்கள், எனக்கு வழக்கில்லை. கை யாருடையது? நம் கொத்தனார் கை. சுண்ணாம்பு எது? நம் உப்பங்கழியில் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டது.

நடுவில் தளம் என்று ஒன்று இருக்கிறதே, அதை யாரும் பேசுவதில்லை. மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்குச் சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வரிசையாகப் போடுவது. அதன்மேல் மெல்லிய சின்னச் செங்கல், ஒரு அங்குலக் கனம்தான் இருக்கும், அதைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, குறுக்குச் சாய்வாகச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போவது. கீழே முட்டுப் பலகை கிடையாது. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டே நிற்கும். அது இறுகியதும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் கொட்டி, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சின்ன மரக்கட்டையால் தட்டுவார்கள். ஒரு நாள் இரண்டு நாள் வேலை இல்லை. தட்டத் தட்டக் கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். தாளம் தப்பக்கூடாது என்று பாட்டுப் பாடுவார்கள். கட்டை பட்டுத் துள்ளும் வரைக்கும், அதாவது தளம் கல்லாகும் வரைக்கும் தட்டுவது. கடைசியில் தட்டோடு பாவினால் மழைக்கு அசையாது.

கீழ்த்தளம் மேல்தளம் இரண்டையும் பிடித்து வைத்திருப்பது இந்தத் தளம். அதன்மேல் நின்றுகொண்டுதான் எல்லோரும் சங்கமம் பேசுகிறார்கள்.


திண்ணைவாசி எழுதியது:

சாந்துக்கரண்டி அண்ணா, இந்த ஒரு பதிவுக்காகவே இழை தொடங்கியது வீண் போகவில்லை. தேக்கு எங்கிருந்து வந்திருக்கும்?


வரைகோல் எழுதியது:

இந்த வீட்டின் மரத்துக்கு ரசீது கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் அன்று சோழமண்டலக் கரைக்குத் தேக்கு பர்மாவின் பெகுப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அங்கே சிரியம் துறையில் கப்பலே கட்டினார்கள். கப்பல் வைத்திருந்த வியாபாரிக்கு நல்ல மரம் கிடைப்பது ஒரு பெரிய விஷயமாக இருந்திருக்காது.

நான் சொல்ல வந்தது தெருவைப் பற்றி. இந்த ஊரின் நேர்நேரான வீதிகளுக்குப் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பாராட்டு போகிறது. கட்டம் கட்டமாக வீதி வரைந்தது டச்சுக்காரர்கள். 1693-ல் ஊரைப் பிடித்தார்கள், 1699-ல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இடையில் வரைந்த திட்டத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் விரித்துக்கொண்டு போனார்கள். கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர் என்று பிற்பாடு ஊர் பிரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, தெரு நேராக இருந்தாலும் தமிழர் பக்கத்து வீடு தன் பழக்கத்தை விடவில்லை. வெள்ளையர் பக்கத்தில் தெருவைப் பார்ப்பது உயரமான மதிலும் பெரிய கதவும். உள்ளே போனால்தான் தோட்டமும் வீடும். நம் பக்கத்தில் தெருவிலேயே தாழ்வாரம், திண்ணை, அப்புறம் ரேழி, அதைத் தாண்டி முற்றம். வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்க வீடே இடம் தரும். பிள்ளையின் வீட்டைச் சுற்றி இன்று மார்க்கெட் நெருக்குவதால் வெளியே நின்று அதன் பெருமையைப் பார்க்க முடியாது. உள்முற்றத்தில் நின்றால்தான் புரியும்.


காரைக்குடி மருமகள் எழுதியது:

படங்களைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து வீடுகளை அப்படியே காப்பியடித்த மாதிரி இருக்கிறதே? முற்றம், தேக்குத் தூண், மாடி, சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் இருக்கிறது. செட்டிநாட்டு ஆட்களைக் கூப்பிட்டுக் கட்டினாரா?


வரைகோல் எழுதியது:

அம்மா, காலம் தலைகீழாக இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் எழும்பியவை. பர்மா வட்டித்தொழில் பணம், இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் அந்தக் காலத்துச் சமாச்சாரம். பிள்ளையின் வீடு அவற்றுக்கு நூறாண்டுக்கு மேல் மூத்தது. முற்றமும் தூணும் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பொதுச்சொத்து. யாரும் யாரிடமும் காப்பியடிக்கவில்லை.

வித்தியாசமும் உண்டு. செட்டிநாட்டு வீடு நிலம் நிறைய இருக்கும் ஊரில், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீண்டுகொண்டே போகும். கல்யாணம் காட்சிக்குக் கட்டியது. வீட்டுக்காரர் தொழில் பார்ப்பது ரங்கூனில். பிள்ளையின் வீடு துறைமுகப்பட்டின வீடு. வியாபாரம், கடன்காரர், தூதர், கவிராயர் எல்லாம் தினமும் வாசலில். இடம் குறுக்கம், அதனால் உயரம்.


காரைக்குடி மருமகள் எழுதியது:

சரி, பெருந்தன்மையாக ஒப்புக்கொள்கிறேன். மாமியாரிடம் மட்டும் சொல்ல மாட்டேன்.


திண்ணைவாசி எழுதியது:

முதல் கேள்விக்கு வருவோம். வழிகாட்டிகள் சொல்லும் கதை: மேல்மாடி வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கு, கீழ்த்தளம் நம் ஆட்களுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாட்குறிப்பு இதற்கு இடம் கொடுக்கிறதா?


குறிப்பேடு எழுதியது:

நாட்குறிப்பைப் படித்தவர்கள் இந்தக் கதையை அவ்வளவு லேசில் நம்ப மாட்டார்கள். நள வருடம் ஆவணி 25-ஆம் தேதி, அதாவது 1736 செப்டம்பர் 6-ல் தொடங்குகிறார். காதால் கேட்டது, கண்ணால் கண்டது, கப்பல் வந்தது, போனது எல்லாம் எழுதப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பம். அதன்பின் வரும் நாள்களைப் பாருங்கள். காலையில் எழுந்து கவர்னர் வீட்டுக்கு அல்லது கோட்டைக்குப் போவார். கவர்னர் கூப்பிட்டால் பேசுவார். கூப்பிடாவிட்டால் காத்திருப்பார். அங்கிருந்து கிளம்பிப் பாக்குக் கிடங்குக்கு வருவார். ஆள் அனுப்புவது, வியாபாரிகளைப் பார்ப்பது, கணக்கு, வம்பு எல்லாம் பாக்குக் கிடங்கில்தான் நடக்கும். "பாக்குக் கிடங்கிலே வந்து உட்கார்ந்தேன்" என்ற பொருள்பட வரும் இடங்களை எண்ணத் தொடங்கினால் அலுத்துவிடும். அப்புறம்தான் வீடு.

அதாவது பிரெஞ்சுக்காரர்களைச் சந்திக்க அவருக்கு வீடு தேவைப்படவில்லை. அவர்களைத் தேடிப்போவது துபாஷ் வேலை. தொழிலுக்குக் கிடங்கு இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் யார்? சொந்தக்காரர்கள், நெசவுக்கு முன்பணம் வாங்கும் வியாபாரிகள், பாளையக்காரர்களின் ஆட்கள், ஆற்காட்டுத் தூதர்கள், புலவர்கள். புலவர்கள் சும்மா வரவில்லை. அவர்பேரில் தமிழில் கோவை பாடினார்கள், சமஸ்கிருதத்தில் உரைநடையும் செய்யுளும் கலந்த சம்பு எழுதினார்கள். தெலுங்கிலும் பாட்டு உண்டு. பாடி முடித்தால் பரிசு.

அப்படியானால் அந்த வெள்ளைத் தூண்கள் வெள்ளைக்காரருக்காக எழுப்பியவை அல்ல, நம் ஆட்களுக்காகத்தான். பிரெஞ்சுக்காரன் அந்தத் தூணைப் பார்த்து என்ன வியக்கப்போகிறான்? அவன் ஊரில் தெருவுக்கு நூறு உண்டு. ஆற்காட்டிலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ வரும் ஒருவர் முற்றத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால், "இவர் கம்பெனிக்கு உள்ளே வரை போய்வருகிறவர்" என்று தூணே சொல்லிவிடும். கவர்னர் வீட்டுக் கட்டட முறையைத் தன் வீட்டு மாடியில் ஏற்றிவைப்பது வாங்க வருகிறவனுக்கும் கடன் கொடுக்கிறவனுக்கும் காட்டும் அத்தாட்சி.


உப்பளத்தான் எழுதியது:

ஆளாளுக்குத் தூணைப் பாடுகிறீர்கள். அந்தத் தூணுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றும் பேசலாமே. நெசவாளிக்கு முன்பணம் கொடுத்து, கம்பெனி சொன்ன விலைக்கு நீலத்துணியை வாங்கி, நடுவில் தரகு எடுத்த பணம். புதுச்சேரித் துறையிலிருந்து இந்தியப் பெருங்கடலின் மஸ்கரேன் தீவுகளுக்கு (மொரீஷியஸ், ரீயூனியன் பக்கம்) அடிமைகளைக் கப்பலேற்றிய காலமும் அதுதான். 1743-ல் ஊரில் ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடைத்து வைத்து விற்ற விவகாரம் அவருடைய நாட்குறிப்பிலேயே இருக்கிறது. எழுதிவைத்தார், சரி. வேறென்ன செய்தார்?

வேதபுரீஸ்வரர் கோயிலை 1748 செப்டம்பரில் டூப்ளே இடித்தபோது தலைமைத் துபாஷ் யார்? இவர்தானே. வீட்டைக் காப்பாற்றினார், கோயிலைக் காப்பாற்ற முடியவில்லையா?


குறிப்பேடு எழுதியது:

நியாயமான கேள்விகள். நாட்குறிப்பை வைத்துக்கொண்டு இவரைப் புனிதராக்க முடியாது, அந்த நாட்குறிப்பே விடாது. பதவிக்காகக் கனகராய முதலியைப் பற்றி எழுதியவை, எதிரிகள் கெட்டால் வரும் திருப்தி, தன் ஜாதகத்தின் மேல் இருந்த பெருமை எல்லாம் பச்சையாகவே இருக்கிறது.

ஆனால் துணி வியாபாரத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். முன்பணம் கம்பெனியிடமிருந்து காலத்தில் வராது. கப்பல் தாமதமானால் வியாபாரிதான் கைப்பணம் போட்டு நெசவாளியை நிறுத்திவைக்க வேண்டும். கம்பெனி அவருக்குத் தர வேண்டிய பாக்கி பெருகிக்கொண்டேபோனது. கடைசிக் காலத்தில் அவருடைய தொல்லைகளில் பாதி இதிலிருந்து வந்தவை.

கோயில் விஷயம் 1748-ல் ஆங்கிலேயர் பாஸ்கவன் தலைமையில் ஊரை முற்றுகையிட்ட நேரம். குண்டுகள் ஊருக்குள் விழுந்துகொண்டிருந்தன. அந்தக் குழப்பத்தைச் சாக்காக வைத்து, பாதிரிமாரும் மதாம் டூப்ளேயும் நெடுநாள் கேட்டுவந்ததை நடத்திவிட்டார்கள். கோயில் இருந்தது சம்பா கோயில் என்ற கிறிஸ்தவ தேவாலயத்துக்குப் பக்கத்தில். பிள்ளை அதைப் பொறுமலோடு எழுதுகிறார். ஊர்ப் பெரியவர்கள் ஒன்றுகூடி நிற்கவில்லை என்று அவர்களையும் சாடுகிறார். நீங்கள் கேட்பதுபோல, அவர் தன் பதவியைத் தூக்கிப்போட்டிருக்கலாம். போடவில்லை.


உப்பளத்தான் எழுதியது:

போடவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். அடுத்த ஆண்டே, ஐதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங் கையால் மன்சப்தார் என்ற படைத்தரப் பட்டம், மூவாயிரம் குதிரை, செங்கல்பட்டுக் கோட்டை ஜாகீர் (வருமானம் தரும் நில மானியம்). மேளதாளத்தோடு பல்லக்கில் கவர்னர் மாளிகைக்குள் போகலாம், செருப்போடு போகலாம், தங்கப்பூண் போட்ட பிரம்பு வைத்துக்கொள்ளலாம். வீட்டு மாடியைக் காட்டிய ஆளுக்கு இதெல்லாம் கிடைத்தபோது எப்படி இருந்திருக்கும்!


வரைகோல் எழுதியது:

கவர்னர் மாளிகை என்றதும் சொல்லத் தோன்றுகிறது. பிள்ளை தன் வீட்டைக் கட்டிய அதே காலத்தில்தான் கவர்னர் டூமா கோட்டைக்குள் புது அரண்மனைக்கு வேலை தொடங்கினார். டூப்ளே காலத்தில், 1752-ல்தான் அது முடிந்தது. இந்தியாவில் அன்று ஐரோப்பியர் கட்டியவற்றில் மிக ஆடம்பரமானது என்று பெயர் வாங்கியது. அனுபவிக்க டூப்ளேக்கு இரண்டு ஆண்டுதான் கிடைத்தது. 1754-ல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இன்னும் ஏழு ஆண்டில் அரண்மனையே இல்லை. ராஜ் நிவாஸ் என்று அறியப்படும் கட்டடம் வேறு, 1760-களில் மறுபடி கட்டியது.


கடலூர்க்காரன் எழுதியது:

1761 கதையை யாராவது விரிவாக எழுதுங்கள். எங்கள் ஊரில் ஆங்கிலேயரிடம் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-ல் தரைமட்டமாக்கினான், அதற்கு ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துப் பழிவாங்கினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. கணக்குத் தீர்ந்தது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.


குறிப்பேடு எழுதியது:

அந்தச் சில வாரங்கள்தான் இந்த வீட்டின் வரலாற்றில் மிகக் கனமானவை.

பிள்ளையிடமிருந்து தலைமைத் துபாஷ் பதவி 1756-ல் போய்விட்டது. உடம்பும் சரியில்லை. 1760-ல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் ஊரை வளைத்துக்கொண்டார், கடலிலும் ஆங்கிலேயக் கப்பல்கள். தானியம் தீர்ந்துகொண்டே வந்தது. நவம்பர் கடைசியில் லாலி தமிழ்க் குடிகளைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். சாப்பாட்டுக்கு வாய் குறைய வேண்டுமாம். ஏறக்குறைய 1400 பேர். வெளியே போனவர்களை ஆங்கிலேயர் முதலில் கடந்துபோக விடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவில் சில நாள் அந்த ஜனங்கள் கிடந்தார்கள். புத்தாண்டுப் பிறப்பில் பெரும் புயல். ஆங்கிலேயக் கப்பல்கள் சில மூழ்கின, சில கரையேறின. பிரெஞ்சுக்காரர்களுக்கு விடிவு வந்துவிட்டது என்று நினைத்தார்கள். வரவில்லை.

ஜனவரி நடுவில், ஊர் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு பிள்ளை காலமானார். 16-ஆம் தேதி கூட் உள்ளே நுழைந்தார். அப்புறம் சென்னைக் கவர்னர் பிகாட் வந்து, ஊர் ஆங்கிலக் கம்பெனிக்குச் சொந்தம் என்று வாங்கிக்கொண்டு இடிக்க உத்தரவு போட்டார். கோட்டை, அரண்மனை, சேசுசபைக் கோயில் எல்லாம் போயின. அதற்குப் பிறகும் நின்ற மிகச் சில கட்டடங்களில் பிள்ளையின் வீடு ஒன்று. பாரிஸ் உடன்படிக்கைப்படி 1765-ல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பிவந்தபோது அவர்கள் கையில் கிடைத்தது இடிபாடுகள்தான். இன்று "பிரெஞ்சு நகரம்" என்று நாம் படம் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு கட்டியது. ஆக, டூப்ளே காலத்துப் புதுச்சேரியைப் பார்க்க ஆசைப்பட்டால் வெள்ளையர் பக்கம் போய்ப் பயனில்லை. கால்வாயைத் தாண்டி மார்க்கெட் பக்கம் வர வேண்டும்.


திண்ணைவாசி எழுதியது:

அவர் போன பிறகு வீட்டில் எழுத்து நின்றுவிட்டதா?


குறிப்பேடு எழுதியது:

நிற்கவில்லை. தம்பி வழியில் வந்த திருவேங்கடம் பிள்ளை 1761 முதல் சில ஆண்டு எழுதினார். முத்து விஜய திருவேங்கடம் பிள்ளை 1790-களில் எழுதினார். பழைய ஏடுகள் குடும்பத்தாரிடம் கிடந்தன. 1846-ல் கல்வா மொம்பிரன் என்ற பிரெஞ்சு அதிகாரி அவற்றைக் கண்டு பிரதி எடுத்தார். ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாகச் சென்னையில் 1904 முதல் 1928 வரை வெளிவந்தன. தமிழில் அச்சேறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான், 1948-ல். தமிழில் எழுதியதைத் தமிழன் கடைசியாகப் படித்தான்.


வைசியாள் வீதி எழுதியது:

புதுச்சேரியில் பழைய வீடு வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்று. பிள்ளை வீட்டின் வழி பிற்பாடு ஊர் முழுக்கப் பரவியது. எங்கள் தெருவில் மாடிவீடுகளைப் பாருங்கள். கீழே திண்ணை, மரத்தூண் தாழ்வாரம். மாடியில் செங்கல் தூண், அரைவட்ட வளைவு, மரச்சட்டம் போட்ட சன்னல். 19-ஆம் நூற்றாண்டில் காசு சேர்த்த ஒவ்வொரு குடும்பமும் இதையே செய்தது. குறிப்பேடு சொன்ன அத்தாட்சி வாதம் இங்கேயும் பொருந்தும். எங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டு மாடியில் வெள்ளைக்காரன் யாரும் சாப்பிட்டதாக வீட்டில் கதைகூட இல்லை. ஆனால் சம்பந்தம் பேச வந்தவர்களை முதலில் மாடிக்குத்தான் கூட்டிப்போவார்களாம்.

இப்போது என் பிரச்சினை. போன மழைக்கு முன்னால் ஒரு ஒப்பந்தக்காரர் தூணில் சுண்ணாம்பு உதிர்கிறது என்று சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். இப்போது பட்டை பட்டையாகக் கழன்று வருகிறது, உள்ளே செங்கல் மாவாகிறது. சாந்துக்கரண்டி, என்ன செய்ய?


சாந்துக்கரண்டி எழுதியது:

சிமெண்டை முதலில் இறக்குங்கள். சுத்தியல் வேண்டாம், உளியைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக. பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் மூச்சு விடும். கீழிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியாக வெளியே போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரத்தோடு உப்பும் உள்ளேயே தங்கி, காய்கிற இடத்தில் செங்கல்லைத் தின்னும். கடற்காற்று ஊரில் இது இரட்டிப்பு வேகம்.

இறக்கிய பிறகு உடனே பூசாதீர்கள். ஒரு கோடை முழுக்கத் தூண் சும்மா நிற்கட்டும். உப்பு வெள்ளையாகப் பூத்து வரும், உலர்ந்த துடைப்பத்தால் தட்டிவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். அப்புறம் நீற்றிய சுண்ணாம்பைப் பல வாரம் தண்ணீரில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு மெல்லிய மெல்லிய பூச்சாகக் கொடுக்க வேண்டும். ஒரு பூச்சு இறுகாமல் அடுத்தது கூடாது. கடைசிப் பூச்சுக்கு மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பை வெண்ணெய் மாதிரி அரைத்து, முட்டை வெள்ளைக்கரு கலந்து, வழவழப்பான கல்லால் தேய்ப்பது. பெயிண்ட் எதுவும் மேலே வரக்கூடாது, சுண்ணாம்பு வெள்ளைதான்.

செலவு சிமெண்டைவிடக் கூடத்தான். ஆளும் கிடைப்பது கஷ்டம். மாதத்துக்கு ஒரு தூண் என்று வைத்துக்கொண்டால் கையைக் கடிக்காது. தூணின் அடியில் போட்டிருக்கும் புது டைல்ஸையும் ஒரு சாண் தள்ளி எடுத்துவிடுங்கள், ஈரம் தரை வழியாகப் போகட்டும். படம் எடுத்துப் போடுங்கள், செங்கல் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.